மூடிக் கட்டிய காயம்

எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் கொஞ்ச நேரம் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, "வெடி விபத்தா தம்பி?" என்று கேட்பார்கள். எங்கள் சிவகாசி வட்டாரத்தில் கையோ காலோ இல்லாத ஒருவனைக் கண்டால் அவன் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவன் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இல்லை, மண்வெட்டி என்று சொன்னால் நம்புவதில்லை. மண்வெட்டி பட்டுக் காலே போகுமா என்பார்கள்.

போகாது. மண்வெட்டி போட்டது நாலு விரல் நீளத்தில் ஒரு காயம். நல்ல தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் கெண்டைக்காலில் ஒரு தழும்போடு போயிருக்கும். என் காலை எடுக்க வைத்தது அதற்குப் பிறகு நடந்தவை. அதை ஒருமுறையாவது ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதலாம் என்று சில வருஷம் காத்திருந்தேன். புண் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. இனி ஆறும் என்ற நம்பிக்கையும் இல்லை.

நான் அப்போது சரித்திரம் எடுத்துப் பி.ஏ. முதல் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரியின் பெயரையும் ஊரையும் எழுதப் போவதில்லை. கோடை விடுமுறையில் மாணவர்களைக் கிராமத்துக்கு அழைத்துப் போய்ச் சிரமதானம் செய்ய வைப்பார்கள். கூலி வாங்காமல் உடம்பால் உழைத்துக் கொடுப்பதற்கு அந்தப் பெயர். அந்த வருஷங்களில் எந்த மேடையிலும் அந்தச் சொல் இல்லாமல் பேச்சு முடியாது. நான் மனதார நம்பித்தான் பெயர் கொடுத்தேன். சாத்தூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பையன் நான். மண்வெட்டி எனக்குப் புதிதல்ல.

ஏழாயிரம்பண்ணைக்குச் சற்றுத் தள்ளி ஒரு கிராமம். ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் பாதை போட வேண்டும். காய்ந்து கிடந்த கண்மாயில் வண்டல் வெட்டி, அதைக் கொண்டுபோய்ப் பாதையில் கொட்டுவோம். கண்மாய்க் கரையோரம் வேலிக்கருவைகளுக்கு நடுவில் கூடாரம் அடித்துத் தங்கினோம். பக்கத்துப் புஞ்சையில் ஆட்டுக்கிடை. கண்மாய்க்குள் பகலெல்லாம் மாடுகள் நடமாடும். நாங்கள் வெட்டியது பாதி மண், பாதி சாணி.

கூடாரத்தில் எனக்குப் பக்கத்துப் பாய் காதருடையது. அப்பாவை அவன் அத்தா என்பான்; அவருக்கு விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை. ஒல்லியாக இருப்பான், வாய் மட்டும் பெரிது. முகாமை நடத்த ஒரு பேராசிரியர் வந்திருந்தார். அவரும் சரித்திரம்தான், எங்கள் வகுப்புக்குப் பாடம் எடுப்பவர். அவர் பெயரை எழுதினால் இது அவருடைய கதையாகிவிடும். முகாம் அதிகாரி என்றே சொல்கிறேன். அவரும் அப்படிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பார்.

முகாம் முடிய இரண்டு நாள் இருந்தது. காலை நேரம். எனக்கு எதிரில் வெட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கை வழுக்கி, மண்வெட்டி என் கெண்டைக்காலில் இறங்கியது. முதலில் வலிக்கவில்லை. சூடாக ஏதோ ஒழுகுகிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தால் சதை வாய் பிளந்து நிற்கிறது. உள்ளே கறுப்பு மண்.

கூடாரத்துக்குத் தூக்கி வந்தார்கள். முதலுதவிப் பெட்டி அங்கே இருந்தது. சிவப்புச் சிலுவை போட்ட தகரப் பெட்டி. அதைப் பூட்டியிருந்தார்கள். சாவி முகாம் அதிகாரியின் சட்டைப் பையில். முகாம் அதிகாரி சிவகாசியில். நிறைவு விழாவுக்கு நோட்டீஸ் அச்சடிக்க ஜீப்பில் போயிருந்தார். பிரஸ்காரர்கள் காலண்டர் ஆர்டரைத் தள்ளி வைத்துவிட்டு இவர் நோட்டீஸை உடனே அடித்துக் கொடுக்க வேண்டும் என்று பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாராம். அவரோடு போயிருந்தவன் பிறகு சொன்னான்.

சமையல்காரர் ஓடி வந்து ஒரு கை காபித்தூளை எடுத்துக் காயத்தில் அடைத்து அமுக்கினார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ரத்தம் நிற்க வேண்டும் என்று கையில் கிடைத்ததை வைத்தார். அவர் வீட்டில் அப்படித்தான் செய்வார்களாம். வேட்டியைக் கிழித்து இறுக்கிக் கட்டினார்கள். ரத்தம் நின்றது. கூப்பிடு தூரத்தில் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அதில் இரண்டு செம்பு எடுத்து ஆற வைத்துக் காயத்தைக் கழுவலாம் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. மாணவர்களை வெட்டவெளியில் மண்வெட்டியோடு விடுகிறவர்கள், காயம் பட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்ததில்லை. விழாவில் எப்படி வரிசையாக நிற்பது என்று மட்டும் தினமும் சாயங்காலம் பழக்கினார்கள்.

முகாம் அதிகாரி பொழுது சாய வந்தார். துணியை அவிழ்த்தார். காபித்தூளும் ரத்தமும் மண்ணும் சேர்ந்து கெட்டியாகியிருந்தது. அதன் மேலேயே டிங்சரை ஊற்றி, பஞ்சை வைத்து, பிளாஸ்திரியால் சுற்றிச் சுற்றி ஒட்டினார். காற்றுகூடப் போகாது.

"சார், உள்ள மண்ணு இருக்கு சார். கழுவவே இல்ல" என்றான் காதர்.

"நீ டாக்டருக்குப் படிக்கிறியா?"

"இல்ல சார். சாத்தூருக்குக் கொண்டு போயிரலாம்."

"சின்னக் காயம்ப்பா. முகாம்ல ரத்தக் காயம்னு வெளியில போச்சுன்னா என்ன ஆகும்? நாளன்னைக்கு விழாவுக்கு மெட்ராஸ்லருந்து பெரிய தலைவர் வர்றார். விழா முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் காலையிலேயே வலி ஆரம்பித்தது. காயத்துக்குத் தகுந்த வலி இல்லை அது. காலை யாரோ முறுக்கிப் பிழிவது போல இருந்தது. கட்டுக்கு மேலும் கீழும் வீங்கி, தோல் மினுமினுத்தது. காய்ச்சல் ஏறியது. என்னைக் கடைசிக் கூடாரத்துக்கு மாற்றினார்கள், விழாப் பந்தலிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். ஜீப் மைக்செட் எடுக்கப் போனது. திரும்பி வந்து நாற்காலி எடுக்கப் போனது. இரண்டு தடவையும் சாத்தூர் வழியாகத்தான் போனது. காதர் இரண்டு தடவையும் போய்க் கேட்டான். இரண்டாம் தடவை, "ஒழுங்கு நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்" என்று பதில் வந்தது.

விழா நாள் விடிந்தபோது கூடாரத்துக்குள் ஒரு நாற்றம். அழுகிய பழம் போல, கொஞ்சம் இனிப்பாக. எலி செத்துக் கிடக்கிறதோ என்று நினைத்தேன். அது என் காலிலிருந்து வந்தது.

காதர் எழுந்து சட்டையை மாட்டினான். "ஏலே ராசு, எந்திரி. போறோம்."

"சார்ட்ட சொல்லணும்லா?"

"முந்தாநாள்லருந்து சொல்லிக்கிட்டுத்தானலே இருக்கேன்."

முதுகில் தூக்கிக்கொண்டு, நாங்கள் போட்ட புதுப் பாதையிலேயே மெயின் ரோட்டுக்கு நடந்தான். வரவேற்பு வளைவுக்கு வாழைமரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். ரோட்டில் ஒரு லாரி வந்தது. தீப்பெட்டி பண்டல்.

"லோடு தீப்பெட்டி தம்பி. ஆளு ஏத்த மாட்டோம்" என்றார் டிரைவர். பிறகு இறங்கி வந்து என் காலைப் பார்த்தார். மூக்கைப் பொத்தவில்லை. அதை நான் மறக்க மாட்டேன். "ஏத்து, ஏத்து. பீடி மட்டும் பத்த வச்சிராதீக" என்றார்.

சாத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் பிளாஸ்திரியை வெட்டி எடுத்தார். தோல் செம்பு நிறத்துக்கு மாறியிருந்தது. காயத்துக்கு மேலே விரலால் அழுத்தினார். காய்ந்த சருகை மிதித்தால் வருமே, அந்த மாதிரி நறநறவென்று தோலுக்கடியில் ஒரு சத்தம். அவர் முகம் மாறிவிட்டது. பென்சிலின் ஊசி ஒன்று போட்டார். "இங்க வச்சுப் பாக்க முடியாது. உடனே மதுரைக்குக் கொண்டு போங்க. சாப்பாடு கீப்பாடுன்னு எங்கயும் நிக்காதீங்க" என்றார். காதர் ஓடிப்போய், அவன் அத்தாவுக்குப் பழக்கமான வத்தல் மண்டிக்காரரிடம் சொல்லி ஒரு காரைக் கொண்டுவந்தான். எங்கள் ஊருக்கும் ஆள் போனது. அந்தக் கார் கிளம்பிய நேரத்தில் கண்மாய்க்கரையில் மாலை போட்டுக்கொண்டிருந்திருப்பார்கள்.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வெளி நோயாளிகள் உட்காரும் நீண்ட கூடம். பெஞ்சு நிறைய ஆட்கள். நான் படுத்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, மன்னிப்புக் கேட்பது போல என்னைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் எனக்குப் பயத்தைவிட வெட்கம்தான் அதிகமாக இருந்தது. பத்தொன்பது வயதில் நம் உடம்பு நாறுவதை ஊரே முகர்கிறது என்பது சாதாரணம் இல்லை. காதர் மட்டும் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, கைக்குட்டையால் காலில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தான்.

எங்களுக்கு வாய்த்தவர் ஒரு பெண் டாக்டர். ஐம்பது வயதிருக்கும், குட்டையானவர். எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈரம் காயாத படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"சதைக்கு நடுவுல கறுப்புக் கறுப்பாத் தெரியுதா? அதெல்லாம் காத்து. சதைக்குள்ள காத்துக்கு என்ன வேலை? இதுக்கு கேஸ் காங்ரீன்னு பேரு. மண்ணுலயும் சாணியிலயும் ஒரு கிருமி தூங்கிக்கிட்டுக் கிடக்கும். அதுக்குக் காத்துப் பட்டா ஆகாது. ஆழமான காயத்துக்குள்ள அது போன பிறகு மேல அடைச்சுக் கட்டிட்டா, அதுக்கு ஒரு வீடு கட்டிக் குடுத்த மாதிரி. சதையை அழுக வச்சு, வாயுவை விட்டு, பிரிச்சுக்கிட்டே மேல ஏறும். யாரு இதைக் கட்டுனது?"

காதர் சொன்னான். பேராசிரியர் என்றதும் டாக்டரம்மா படத்தை மேஜை மேல் போட்டார். "படிச்சவரா?" என்று கேட்டார்.

குதிரையின் ரத்தத்திலிருந்து எடுத்த விஷமுறிவு மருந்து ஒன்று இருந்தது. அது சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். முன்கையில் தோலுக்கடியில் ஒரு சொட்டுப் போட்டு, தடிக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியைப் போட்டார்கள். பென்சிலினைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை குத்திக்கொண்டே இருந்தார்கள். அன்று சாயங்காலமே மயக்க மருந்து கொடுத்துக் காலை நீளநீளமாகக் கீறி, செத்த சதையை வெட்டி எடுத்துத் திறந்து வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் பாதம் கறுத்திருந்தது. கிள்ளினால் தெரியவில்லை.

அய்யாவும் அம்மாவும் அப்போதுதான் வந்து சேர்ந்தார்கள். அய்யா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டாக்டரம்மா முன்னால் நின்றார்.

"ஒரு நாப் பொறுத்துப் பாக்கலாங்களாம்மா?"

"இன்னைக்குன்னா முட்டியைக் காப்பாத்தலாம் பெரியவரே. நாளைக்குன்னா தொடையோட எடுக்கணும். அதுக்கப்புறம் எடுத்தும் பிரயோசனமில்ல."

அய்யா வெளியே போனார். வராந்தாவில் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டுகிற சத்தம் கேட்டது. அங்கே யாருமே இல்லை என்று அம்மா பிறகு சொன்னாள். திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் நின்றார். அவர் என்னிடம் எதையும் கேட்டுச் செய்கிறவர் இல்லை. அன்றைக்குக் கேட்டார்.

"என்னலே சொல்றே?"

"எடுக்கச் சொல்லுங்க அய்யா" என்றேன். எனக்கு அந்த நாற்றம் போனால் போதும் என்றிருந்தது.

காலை எடுத்த பிறகும் தைக்கவில்லை. வெட்டிய முனையைத் துணியால் லேசாக மூடி அப்படியே விட்டார்கள். "ஏம்மா தைக்கல?" என்று அய்யா பயந்துபோய்க் கேட்டார். "மூடுனதுனாலதானே இவன் இங்க வந்திருக்கான்? உள்ள சுத்தம்னு எனக்குத் தெரியிற வரைக்கும் மூட மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. தினமும் காலையில் கட்டு மாற்றுவார்கள். ஒரு மருந்தை ஊற்றுவார்கள், வெள்ளை வெள்ளையாக நுரைத்துக்கொண்டு வரும். நான் கத்துவேன். மாடிப்படி வரை கேட்குமாம்.

இல்லாத காலில் பெருவிரல் அரித்தது. அதைச் சொன்னால் பைத்தியம் என்பார்களோ என்று சொல்லாமல் இருந்தேன். டாக்டரம்மாவே கேட்டார், "விரல் அரிக்குதா?" என்று. மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரவில்லை, அது பழைய காலையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்றார். அதைக் கேட்டபின்தான் முதன்முதலாக அழுதேன்.

அம்மா தினமும் எனக்குத் தலை வாரிவிட்டாள். போர்வைக்கடியில் கால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழைய சேலையைச் சுருட்டி வைப்பாள், பார்க்க வருகிறவர்களுக்குப் பள்ளம் தெரியக் கூடாது என்று. ஒரு நாள் அதை உருவித் தூர எறிந்தேன். "யாரும்மா இங்கன வெக்கப்படணும்? நானா?" அம்மா சேலையை எடுத்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வைக்கவில்லை.

டாக்டரம்மா அந்த நாள்களில் எனக்குச் சொன்னதை இங்கே எழுதிவிடுகிறேன். காட்டிலோ கண்மாயிலோ தங்குகிறவர்கள் யாராவது படிக்கட்டும். காயம் பட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்தாலே பெரும்பாலும் ரத்தம் நிற்கும். பிறகு, கொதித்து ஆறிய தண்ணீரை நிறைய ஊற்றி, மண்ணெல்லாம் போகிற வரை கழுவ வேண்டும். காபித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மூக்குப்பொடி எதுவும் காயத்துக்குள் போகக் கூடாது. துவைத்துக் காய்ந்த துணியால் தளர்வாகக் கட்டினால் போதும், அடைத்து ஒட்டக் கூடாது. மண் பட்ட ஆழமான காயம் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இவ்வளவுதான். இதைச் சொல்ல வெற்றிலை மடிக்கிற நேரம் ஆகுமா? அந்த நேரம்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை.

முகாம் அதிகாரி ஒரு நாள் வந்தார். ஒரு பை நிறைய ஆரஞ்சுப் பழம். நிறைவு விழா ரொம்பச் சிறப்பாக நடந்தது என்றார். கால் இருந்த பக்கம் பார்க்காமல், கட்டிலின் தலைமாட்டுப் பக்கமாக நின்றுகொண்டார்.

"தம்பி, காலேஜ்ல விசாரிப்பாங்க. அனுமதி வாங்காம நீ கண்மாயில குளிக்கப் போனப்போ உடைஞ்ச பாட்டில் கிழிச்சதுன்னு நான் சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லிட்டா உன் படிப்புக்கு ஒண்ணும் வராமப் பாத்துக்கிறேன்."

அய்யா கைகட்டி நின்றார். படிப்பு என்ற சொல்லைக் கேட்டால் எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நிற்பார்கள். "சார் சொல்றதும்..." என்று இழுத்தார்.

அம்மா எழுந்தாள். "கம்மாயில எம்புட்டுத் தண்ணி கிடந்துச்சு சார்? வண்டலு வெட்டத்தான எம்புள்ளயக் கூட்டிட்டுப் போனீக?"

நான் பையைக் காட்டினேன். "அதையும் எடுத்துக்கிட்டுப் போங்க சார்" என்றேன். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியது என்று அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன். வார்டே திரும்பிப் பார்த்தது. எடுத்துக்கொண்டு போனார்.

கல்லூரியிலிருந்து விசாரிக்க வந்தவரிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். என்ன ஆயிற்று? ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத கண்மாயில் நான் குளித்ததாகவே முடிவு செய்தார்கள். சிரமதானத்தைச் சிறப்பாக நடத்தியதற்காக முகாம் அதிகாரிக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. அனுமதியில்லாமல் முகாமை விட்டு வெளியேறி, இன்னொரு மாணவனையும் அழைத்துச் சென்ற குற்றத்துக்காகக் காதருக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

காதர் என்னிடம் அதைச் சொல்லவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை அவன் வீட்டுச் சாப்பாட்டோடு பஸ் ஏறி வருவான், கல்லூரி திறந்த பிறகு வகுப்புக் கதை ஏதாவது சொல்லுவான். எல்லாம் கற்பனை. ஒரு நாள் அவனோடு வந்த அவன் அத்தாதான் வாய் தவறிச் சொல்லிவிட்டார். நான் காதரைப் பார்த்தேன். அவன் தூக்குச்சட்டியை மும்முரமாகக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என்னாலதான மாமா" என்றேன்.

"அப்படிச் சொல்லாதப்பா. அங்கனயே நின்னு விழாவுல கைதட்டிட்டு வந்திருந்தான்னா, நான் இவன் மொகத்துல முழிச்சிருக்க மாட்டேன்" என்றார் அவர். காதர் கடைக்குப் போய் உட்கார்ந்தான். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறான். எங்கள் வகுப்பிலேயே நன்றாகப் படித்தவன் அவன். என் காலைத் தின்ற கிருமிக்குக் கண் கிடையாது, யோசனை கிடையாது. அவன் படிப்பைப் பிடுங்கியவர்கள் மேஜை போட்டு உட்கார்ந்து, யோசித்துச் செய்தார்கள்.

முனையைத் தைத்து, அது ஆறி, கக்கத்துக்கட்டை வைத்து நடக்கப் பழகிய பிறகு என்னை அனுப்பினார்கள். காதர் மதுரைக்கு வந்து எங்களோடு ரயிலேறினான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். திருமங்கலம் தாண்டியதும் சொன்னேன்.

"நான் காலேஜுக்குப் போகல. நீ இல்லாத எடத்துக்கு எனக்கென்னலே வேலை?"

அவன் என்னை அடித்துவிடுவான் போலப் பார்த்தான். "போகலயா? போகாம? அவன் நிம்மதியாப் பாடம் நடத்தவா? போலே. போய் முன் பெஞ்சுல உக்காரு. அவன் வர்றப்போ காலை நீட்டிக்கிட்டு உக்காரு."

போனேன். கல்லூரிக்குத் திரும்பிய முதல் நாள் முன் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்தேன். வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துவிட்டு, கால் முனையை நடைபாதைப் பக்கம் நீட்டி வைத்தேன். அவர் உள்ளே வந்தார், பார்த்தார், மேடைக்குப் போய் வருகைப் பதிவை எடுத்தார். வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே வந்தவர், என் பெயரை மட்டும் விட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

நான் பெஞ்சைப் பிடித்து எழுந்து ஒற்றைக் காலில் நின்றேன். "பிரசன்ட் சார்" என்றேன்.

அவர் நிமிரவில்லை. மறுநாளும் என் பெயரைக் கூப்பிடவில்லை. மறுநாளும் எழுந்து நின்று சொன்னேன். பட்டம் வாங்கி வெளியே வருகிற வரை, அவர் வகுப்பு இருந்த எல்லா நாளும், அவர் கூப்பிடாத என் பெயருக்கு எழுந்து நின்று பதில் சொன்னேன்.